பாத்துட்டுச் சொல்லுதேன்

தொட்டியின் மேல் அந்தக் கறுப்புப் போர்வை கிடந்தது தீபாவளிக்கு முன்பா, பின்பா?

இந்த ஒரு கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. என் கணவரிடம் கேட்டேன். அவர் செல்பேசியில் அந்த ஆண்டின் படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மகள் புதுப் பாவாடையில் நிற்கும் படம் இருக்கிறது. வாசலில் வெடித்தாள்கள் சிவப்பாகச் சிதறிக் கிடக்கும் படம்கூட இருக்கிறது. கீழ்வீட்டுத் தொட்டியின் படம் ஒன்றுகூட இல்லை.

"முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்ன? அக்காவே போயாச்சு" என்றார்.

அவருக்கு அது ஒரு பழைய போர்வை. எனக்கு அது ஏன் அப்படி இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கீழ்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தச்சநல்லூரில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர், அதாவது அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு விலகியவர். அவர் வீட்டு ஹாலில், மற்றவர்கள் தொலைக்காட்சி வைக்கும் இடத்தில், ஒரு கடல்தொட்டி இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒரு விடுமுறையில் விளக்கும் மோட்டாரும் கொண்டுவந்து ஆசை ஆசையாக அமைத்தானாம். விடுமுறை முடிந்ததும் அவன் கப்பலுக்குப் போய்விட்டான். கடல் அக்காவிடம் தங்கிவிட்டது.

அதில் மீன் கொஞ்சம்தான், பவளம்தான் அதிகம். நம் கடலில் இருந்து பவளம் எடுப்பது குற்றம் என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். வளர்த்து விற்பவர்களிடம் வாங்கிய மென்மையான வகைகள் மட்டும்தான் வைத்திருந்தார். வண்ணப் பொத்தான்களை நெருக்கி நெருக்கித் தைத்தது போல ஒரு வகை. அதைப் பொத்தான் பவளம் என்போம். காளான் போல விரிவது இன்னொரு வகை. நான் முதலில் அவற்றைச் செடி என்றே நினைத்தேன். "செடி இல்லட்டி, எல்லாம் உசுரு. பசிக்கும், சுருங்கும், கோவப்படும்" என்றார்.

எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்லும் பதில் ஒன்றுதான். "பாத்துட்டுச் சொல்லுதேன்."

"மழை வருமாக்கா, துணி காயப்போடலாமா?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்." எழுந்து, செருப்பு மாட்டி, வாசல் கதவைத் திறந்து, மேற்கே மலைப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார். அதற்குள் நான் துணியைக் காயப்போட்டு, பயந்து, மறுபடி எடுத்திருப்பேன்.

என் கணவர் கிண்டல் செய்வார். "ஏன்க்கா, உங்க பேர் என்னன்னு கேட்டாலும் பாத்துட்டுத்தான் சொல்லுவீங்களோ?"

"ஆதார் அட்டையைப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுல தப்பால்லா போட்டிருக்கான்" என்பார், சிரிக்காமல்.

பரிசோதனைக் கூடத்தில் வந்த பழக்கம் அது. "ஒரு தடவை பாத்தா கண்ணு நினைச்சதைத்தான் பாக்கும். ரெண்டாந்தடவைதான் இருக்கதைப் பாக்கும்" என்று ஒருமுறை சொன்னார். எதையும் உடனே முடிவுசெய்து உடனே சந்தேகப்படுகிற எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு நிம்மதி வரும். அதனாலேயே மகளுக்குச் சோறூட்ட நான் தினமும் கீழே இறங்கினேன்.

புதுப் பவளம் தெர்மோகோல் பெட்டியில் பார்சலாக வரும். அக்கா அதை நேரே தொட்டியில் விடவே மாட்டார். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கடல்தண்ணீர் எடுத்து, அயோடின் கலந்த மருந்தைச் சொட்டுவிட்டு, பவளத்தை அதில் முக்கி ஆட்டுவார். ஒளிந்திருக்கும் பூச்சிகள் மயங்கி வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் விழும். அக்கா அதற்கு வைத்திருந்த பெயர் ஞானஸ்நானம்.

"உங்க சபையில தலையில தண்ணி தெளிக்கத்தானே செய்வாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"எங்களுக்குத் தெளிச்சாப் போதும். இதுகளுக்கு முழுக்குத்தான். இதுக பாவம் அடியிலல்லா இருக்கு."

அடியில் என்றது முட்டைகளை. பவளத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். வெள்ளையாகச் சுருண்ட மெல்லிய நாடா போல ஒட்டியிருக்கும். மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதை மெல்லிய தூரிகையால் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பியது பொரிக்கும்வரை தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, மறுபடி ஒரு முழுக்கு.

"ரெண்டு தடவை முழுக்கு எந்தச் சபையிலக்கா?"

"இந்தச் சபையில."

இவ்வளவு பார்த்தும் ஒருமுறை ஏதோ தப்பி உள்ளே போய்விட்டது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மூடியவை திறக்கவில்லை. நான்தான் பதறினேன். "மருந்தை ஊத்திருங்கக்கா." "என்னன்னு தெரியாம எதை ஊத்த? பாத்துட்டுச் சொல்லுதேன்." உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தொட்டியின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நாள்கள் போயின. ஒரு மத்தியானம் மாடிப்படியில் அவர் குரல் கேட்டது.

"ஏட்டி, இங்கன வா. பைய வா."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பச்சை ஓரம் வைத்த பொத்தான்கள். வேறொன்றும் இல்லை.

"நல்லாப் பாரு. அதுல ஒண்ணு பொத்தான் இல்ல."

பார்த்துக்கொண்டே இருந்தேன். அவற்றில் ஒன்று நகர்ந்தது. எனக்கு உடம்பு கூசியது. ஓடில்லாத நத்தை, முதுகெல்லாம் பொத்தான் பவளத்தின் அதே பச்சை, அதே ஓரக் குஞ்சம்.

"எதைத் திங்குதோ அதோட நிறத்தைப் போட்டுக்கிடும். அதான் பாத்த உடனே தெரியாது. நமக்கு எல்லாம் நல்லா இருக்க மாதிரியே தோணும்."

அந்தப் பூச்சிகள் இருட்டில்தான் மறைவை விட்டு வெளியே வரும். அதற்காகப் பகலிலேயே தொட்டியை ஒரு கறுப்புப் போர்வையால் மூடி வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தைத் தூக்கிச் சின்ன டார்ச்சால் பார்ப்பார். போர்வை வந்த வழி இதுதான்.

அவர் நிதானம் சரிதான் என்று எனக்கு நிச்சயமானது அண்ணன் மகன் விடுமுறையில் வந்தபோது. தொட்டியின் கல்லெல்லாம் துரு பிடித்தது போலப் பழுப்புத் தட்டைப்புழு படர்ந்திருந்தது. அக்கா தினமும் ஒரு மெல்லிய குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஆலயத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலையில் அவன் தான் வாங்கிவந்த மருந்தை ஊற்றிவிட்டான். புழுவெல்லாம் செத்தன. செத்த புழுக்கள் விட்ட விஷத்தில் தொட்டியின் இரண்டு கோமாளி மீன்களும் செத்தன.

அக்கா வந்து, சேலையைக்கூட மாற்றாமல், தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சும் கரிப்பையை உள்ளே போட்டு, கடைசியில் மீன்களை வலையில் எடுத்தார்.

"அத்தை, மருந்துக் குப்பியில போட்ட அளவுதான் ஊத்துனேன்" என்றான் அவன், அழுகிற குரலில்.

"அளவு சரிதாம்லே. புழு எவ்வளவு கெடக்குன்னு பாக்காம ஊத்திட்ட. பாதியையாவது வெளிய எடுத்துட்டு ஊத்தணும்." அவ்வளவுதான் சொன்னார். அவனுக்குத் தோசையும் சுட்டுக் கொடுத்தார்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு கல்லின் இடுக்கில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், பூப் போன்ற சின்ன உயிர் ஒன்று முளைத்திருந்தது. பார்க்க அழகு. பவளங்களைக் கொட்டி எரிக்கிற அப்படி ஒரு வகை உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் இது அதுதானா என்று சந்தேகம். "ஒண்ணுதான. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அது இன்னது என்று அவருக்கு நிச்சயமானபோது ஒவ்வொரு கல்லிலும் பூத்திருந்தது. வெட்டினால் விழுந்த துண்டெல்லாம் புதுப் பூவாகும். ஒவ்வொன்றின் வாயிலும் குழைத்த சுண்ணாம்பை ஊசியால் ஏற்ற வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு அக்கா ஊசியோடு குனிந்திருந்தார். என் கணவர் எட்டிப் பார்த்து, "சுண்ணாம்பு இருக்கு, வெத்தல பாக்கு கொண்டாரட்டாக்கா?" என்றார்.

எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பவர் அன்று நிமிரவில்லை. "பாத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றார். எங்களிடம் சொன்னது போல இல்லை.

இனி என் மகளைப் பற்றி.

அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள். எடை கூடவில்லை என்று பயம், இருமினால் பயம், தலைமுடி மெல்லிதாக இருக்கிறது என்றுகூட ஒரு பயம். பேச்சு வரவில்லை என்பதற்கு மட்டும் நான் பயப்படவில்லை. "அவ அப்பனே மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான், இப்போ மூட மாட்டேங்கான்" என்று என் மாமியார் தொலைபேசியில் சொன்னதை நம்பிவிட்டேன். நம்ப ஆசையாக இருந்தது.

தொட்டி அவளுக்கு உலகம். உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பாள். மோட்டார் நின்றால் உடனே திரும்பி எங்களைப் பார்ப்பாள். "என்ன கூர்மையான காது பாருங்கக்கா" என்று நானே சொல்லியிருக்கிறேன். காலையில் பின்னால் நின்று கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவாள். மத்தியானத்துக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விளக்கு எரியத் தொடங்கியதும் மீனில் லயித்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பையன்கள் தெருவில் சரவெடி கொளுத்தினார்கள். மகள் அதற்கு முதுகைக் காட்டி, வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெடி வெடித்து முடிந்தது. அவள் அசையவில்லை. தெருவே சிரித்தது. "ஏயப்பா, என்ன தைரியம்! போலீஸாத்தான் வருவா" என்றார் ஒருவர். எனக்கு ஒரே பெருமை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஓடினேன்.

"பாத்தீங்களாக்கா? பயமே இல்ல!"

"பாத்தேன்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். பாத்துட்டுச் சொல்லுதேன் என்று சொல்லவில்லை. பார்த்ததையும் சொல்லவில்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. அக்கா வாசலில் நட்சத்திரம் கட்டினார், மகளுக்கு ஒரு சிவப்புக் கவுன் தைத்தார். புத்தாண்டு முடிந்து நட்சத்திரத்தை இறக்கிய அன்று என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதல்முறையாக, நான் எதுவும் கேட்காமலே அவர் பேசத் தொடங்கினார்.

"ஏட்டி, கோவப்படாம கேளு. பிள்ளைக்குக் காது கேக்கல."

நான் சிரித்தேன். காலையில் கூப்பிட்டால் திரும்புகிறாளே என்றேன்.

"காலையில தொட்டி விளக்கு எரியாது. கண்ணாடி கறுப்பா இருக்கும், நம்ம நிழல் அதுல விழும். நீ பின்னால வந்து நிக்கத அதுல பாத்துட்டுத் திரும்புதா. விளக்கு எரிஞ்சா நிழல் தெரியாது. அப்போ திரும்பல. மோட்டார் நின்னா திரும்புதது கை வழியா. கண்ணாடி அதிர்றது நின்னுட்டுன்னு உள்ளங்கைக்குத் தெரியும்." தொட்டியைக் காட்டி, "நிழல் விழாம போர்வையைப் போட்டு மூடி வச்சிக்கிட்டும் கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பல. ஒரு தடவை இல்ல, பல தடவை" என்றார்.

"உங்களுக்கு எல்லாரும் பூச்சியாத்தான் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். ஏறியதும் அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பின்னால் நின்று, சோற்றுத் தட்டைத் தரையில் போட்டேன். மேலும் ஒருமுறை போட்டேன். கீழே அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அவர் மேலே வரவில்லை. நானாக இறங்கி வரும்வரை காத்திருந்தார்.

பிறகு பரிசோதனைகள், மதுரைக்கு அலைச்சல், அறுவை சிகிச்சை, காதுக்குப் பின்னால் கருவி, பேச்சுப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் அக்கா கூட வந்தார். மருத்துவமனை நடைவழியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மருத்துவர், "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க" என்றார். இன்னொருவர், "இன்னும் கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச்சீட்டில் குனிந்துகொண்டார். அந்த முடியாத வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுதுக்கா?"

"உன்கிட்ட சொன்னனே, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி சந்தேகம். சந்தேகம் வேற, தெரியது வேற."

"சந்தேகம் எப்போ வந்துச்சு?"

அவர் தொட்டியைப் பார்த்தார். ஒரு பொத்தான் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. "அதை மட்டும் கேக்காதட்டி" என்றார்.

நானும் கேட்கவில்லை. பிறகு கேட்க அவர் இல்லை. மாரடைப்பு, அவரைப் பார்க்க யாருக்கும் அவகாசம் தராமல் போய்விட்டார்.

எனக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு காட்சி. ஒரு காலையில் சோற்றுக் கிண்ணத்தோடு இறங்கி வருகிறேன். தொட்டி கறுப்புப் போர்வையால் மூடியிருக்கிறது. அதன் முன்னால் மகள், எப்போது திறப்பார்கள் என்று காத்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அக்கா, கையில் டார்ச் இல்லாமல், உருப்பெருக்கி இல்லாமல், சும்மா நிற்கிறார். வெளியே மழை. பூச்சி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது தீபாவளிக்கு முன்பு என்றால், வெடிச் சத்தத்துக்கும் முன்பே, நான் பெருமையோடு ஓடியபோதே, அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அல்லது அது வெறும் பூச்சிக்கான போர்வைதான். பின்பு என்றால், பார்த்த உடனே சோதிக்கத் தொடங்கியிருக்கிறார். பார்த்து, மறுபடி பார்த்து, நிச்சயமானதும் சொல்லியிருக்கிறார். ஐப்பசியும் மழைதான், கார்த்திகையும் மழைதான். என்னால் பிரிக்க முடியவில்லை.

நன்றியும் கோபமும் ஒரே ஆள்மேல் இருந்தால் எதை முதலில் எடுத்து வைப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். அவசரப்பட்டால் மீன் சாகும் என்று கண்டவர் அவர். காத்திருந்தால் கல்லெல்லாம் பரவும் என்று கண்டவரும் அவர்தான்.

தொட்டியை விட மனமில்லாமல் நாங்கள் கீழ்வீட்டுக்கே இறங்கிவிட்டோம். அண்ணன் மகன் சரி என்றான். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். பேச்சில் சில எழுத்துகள் இன்னும் வழுக்கும். "சாப்பிட வாறியா?" என்று கேட்டால், "பாத்துத்துச் சொல்லுதேன்" என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும்.

மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்னைவிடச் சின்ன வயது. ஒரு மகன், நடக்கத் தொடங்கி நாளாகிறது. மாலையில் மீன் காட்டச் சோற்றோடு இறங்கி வருகிறாள்.

அவன் காது நன்றாகக் கேட்கிறது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் அவன் மீனைப் பார்க்கிறான், மீனைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விரல் நீட்டிக் காட்டுவதில்லை. "அங்கன பாரு" என்று அவள் கை நீட்டினால் கையைப் பார்க்கிறான், மீனைப் பார்ப்பதில்லை. விளக்கு எரியும்போதும் பார்த்தேன். அணைந்திருக்கும்போதும் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன்.

"ரொம்ப சமத்துக்கா, தொந்தரவே கிடையாது. தனியாவே வெளையாடுவான்" என்கிறாள் அவள். அந்தப் பெருமையை நான் அறிவேன். அதே பெருமையோடு வாசற்படிக்கு ஓடியவள் நான்.

மகளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் மருத்துவர் அல்ல. அது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். சொல்லி, அது தவறாகிவிட்டால், ஒரு தாயின் தூக்கத்தைக் காரணமில்லாமல் கெடுத்தவள் ஆவேன். சொல்லாமல் இருந்து, என் சந்தேகம் உண்மையாகிவிட்டால், ஒருநாள் அவள் என்னிடம் கேட்பாள்: உங்களுக்கு எப்போக்கா சந்தேகம் வந்துச்சு? அப்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பேன்?

இதைப் படிக்கிறவர்களில் தாய்மார்கள் இருப்பீர்கள். பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் இருப்பீர்கள். எத்தனை தடவை பார்த்த பிறகு சொல்லலாம்? எந்தச் சொல்லில் தொடங்கினால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடமாட்டாள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவள் இன்று மாலையும் வருவாள்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.